ஒருத்தியின் பேச்சை நம்பி இன்னொருத்தி: வடசென்னையில் மருத்துவ ஆய்வுக்குப் பெண்களைச் சேர்த்த அனுபவம்

சுகர், பிபி பற்றிய ஆய்வுகளில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். என் வேலை பெரும்பாலும் பழைய வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி, மண்ணடி பக்கம்தான். கடைசியாகச் செய்த ஆய்வில் முப்பது வயது தாண்டிய முஸ்லிம் பெண்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஜமாஅத்துல யாரைப் பார்க்கணும், எந்த வாட்ஸ்அப் குரூப்புல போடணும்?" என்றுதான். இரண்டுமே தேவைதான், ஆனால் இரண்டாலும் ஆள் வருவதில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பேச்சை நம்பித்தான் நம் வாசலுக்கு வருகிறாள், அப்படி அழைத்தவளின் பேர் அந்தத் தெருவில் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆள் சேர்ப்பில் பெரும்பகுதி வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், ஏன் வரத் தயங்குகிறார்கள் என்பது. "படிப்பறிவு இல்லை, விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கைகளில் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். 2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் குழந்தைகளோடு இரவும் பகலும் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் நோட்டும் பேனாவுமாக யார் வந்து "உங்க சொந்த ஊர் எது, அப்பா பேர் என்ன" என்று கேட்டாலும் அது குடியுரிமைக் கணக்கெடுப்பு என்றுதான் தோன்றும். அடுத்த மாதமே கொரோனா. அந்த மே மாதம் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். வீட்டுக்கு ஸ்டிக்கர், தெருவுக்குத் தகரம், யாருக்கு வந்தது என்று பக்கத்துத் தெருவெல்லாம் பேச்சு. சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டினால் நல்லது நடக்கும் என்று அவர்கள் எதை வைத்து நம்புவார்கள்? அதைக் கடந்து ஒருத்தி வருகிறாள் என்றால் அது நம் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து அல்ல.

இன்னொரு பயம், "எங்களை வெச்சு டெஸ்ட் பண்றீங்களா?" என்பது. இதை அறியாமை என்று தள்ளக்கூடாது. அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்த்த திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இடத்தில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது வெளியே வந்தது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு சம்மதம் வாங்கிய முறையைக் கடுமையாகக் கண்டித்தது. புளியந்தோப்பில் இந்த விவரம் யாருக்கும் வரிசையாகத் தெரியாது, ஆனால் "ஏழைங்க மேல ஊசி போட்டுப் பாப்பாங்க" என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அந்தக் கேள்வி வந்தால் மழுப்புவதில்லை. நடந்ததைச் சொல்லி, இந்த ஆய்வில் மருந்து கிடையாது, ஊசி மூலம் எதையும் உள்ளே ஏற்றுவது கிடையாது, ஒரு தடவை ரத்தம் எடுப்போம், பிபி பார்ப்போம், கேள்வி கேட்போம், அவ்வளவுதான் என்று சொல்வேன். கூடவே சேத்துப்பட்டுக் கதையையும் சொல்வேன். 1956-இல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு தொடங்கினார்கள். சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். இந்த ஊர் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களால் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. 1959-இல் அந்த முடிவு வெளிவந்த பிறகு உலகமே சிகிச்சையை மாற்றிக்கொண்டது. "அது நம்ம ஊர் ஜனங்க குடுத்தது" என்று சொல்லும்போது முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு இவர்களை ஏன் சேர்க்க வேண்டும், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தால் எண்ணிக்கை நிறைந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நிறையும்தான். ஆனால் அந்த வரிசையில் இருப்பவள் ஏற்கெனவே வீட்டை விட்டு வர முடிந்தவள், நோய் இருப்பது தெரிந்தவள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. அப்படிப்பட்ட எண்களுக்குள் எங்கள் தெருப் பெண்கள் இருக்கவேண்டும் என்றால் யாராவது போய்க் கேட்டிருக்க வேண்டும். கேள்வித்தாளையே பாருங்கள். உடற்பயிற்சி என்ற தலைப்பில் நடைப்பயிற்சி, சைக்கிள், ஜிம் என்று போட்டிருப்பார்கள். தண்ணி லாரி வந்ததும் பிளாஸ்டிக் குடத்தோடு மூன்று மாடி ஏறி இறங்குகிறவள் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்? காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்து பட்டன் கட்டுகிறவள்? நோன்பு மாதத்தில் சுகர் மாத்திரையை விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்குப் போடுவதா, நோன்பு திறந்த பிறகா என்று எத்தனை பெண்கள் பக்கத்து வீட்டைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்பது, அவர்களைச் சேர்க்காத ஆய்வில் ஒருநாளும் தெரியவராது.

இப்போது ஆள் சேர்ப்புக்கு வருகிறேன். ஜமாஅத் நிர்வாகிகளை முதலில் பார்ப்பது மரியாதை, அதை விடக்கூடாது. முத்தவல்லியோ செயலாளரோ ஒப்புக்கொண்டால் உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஒரு அறிவிப்பும் செய்வார்கள். ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்பது ஆண்கள். வீட்டுக்குப் போய் அவர் சொல்வாரா, சொன்னாலும் "போய்ட்டு வா" என்பாரா, "யாரோ டெஸ்ட் எடுக்கிறாங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவாரா என்பது நம் கையில் இல்லை. பெண்களிடம் பேச்சு செல்லுபடியாகிற பெண்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற அம்மா, வீட்டு விசேஷங்களுக்குப் பிரியாணி தேக்சாவோடு வருகிற மாமி, பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எம்.சி. ரோடு கடைகளிலிருந்து துணி வாங்கி வந்து வீடு வீடாகத் தையலுக்குப் பிரித்துக் கொடுக்கிற அக்கா, இ-சேவை மையத்தில் மனு எழுதித் தருகிற பெண். இவர்கள் யாருக்கும் பதவி கிடையாது. ஒரு தெருவில் இவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, "உடம்பு சரியில்லைன்னா முதல்ல யாரைக் கேப்பீங்க?" என்று பல வீடுகளில் கேட்பதுதான். ஒரே பேர் திரும்பத் திரும்ப வரும். அவர் வீட்டுக்குப் போங்கள், உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள், ஆய்வு பற்றி அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. சிலரின் பேச்சு செல்லுபடியாவதற்குக் காரணம் பாசமோ மரியாதையோ அல்ல, பணம். சீட்டு பிடிக்கிற அக்காவுக்கு ஒரு தெருவே தெரியும், அவர் ஒரு குரல் கொடுத்தால் மறுநாள் காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். ஆனால் இரண்டு மாதச் சீட்டுப் பணம் பாக்கி வைத்திருக்கிறவளால் அவரிடம் "எனக்கு விருப்பம் இல்லக்கா" என்று சொல்ல முடியுமா? குழுக் கடன் தலைவி, தையல் துணி பிரித்துக் கொடுக்கிறவர், வீட்டு ஓனரம்மா எல்லோருக்கும் இது பொருந்தும். அதனால் நான் வைத்திருக்கிற விதி இது: ஒருத்தி இன்னொருத்திக்குக் கடன்பட்டிருக்கிற இடத்தில் தகவல் மட்டும் சொல்லச் சொல்வேன், பேர் வாங்கச் சொல்ல மாட்டேன், கூட்டிக்கொண்டு வரவும் விடமாட்டேன். வர விரும்புகிறவள் தானாக எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும். மேலிடத்திலிருந்து "ஏன் இவ்வளவு ஸ்லோ" என்று கேட்பார்கள், பரவாயில்லை, கேட்கட்டும்.

அடுத்து, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிற பிரச்சினை. தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று போனால் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். மண்ணடியில் ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்துக் கடலோர ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அங்கே ஒரு வீட்டில் தொடங்கினால் சங்கிலி அதே ஊர்க்காரர்கள், அதே வசதி, அதே அபார்ட்மெண்ட் என்று போகும். அடுத்த சந்தில் வாடகைக்கு இருக்கிற உருது பேசுகிற குடும்பம் வராது. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்ணும் வரமாட்டாள். அமெரிக்க சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997-இல் இதற்கு ஒரு வழி எழுதினார். கனெக்டிகட்டில் போதை ஊசி போடுகிறவர்களிடையே நடந்த எச்.ஐ.வி. தடுப்பு வேலையிலிருந்து பிறந்த முறை அது. ஆய்வுக்கு வந்த ஒவ்வொருவருக்கும், தெரிந்தவர்களிடம் கொடுத்து அழைக்கச் சில கூப்பன்கள்தான், அதிகம் போனால் மூன்று. நிறையப் பேரைத் தெரிந்த ஒருத்தியே எல்லோரையும் கூட்டி வந்து நிரப்பிவிட முடியாது, சங்கிலி நீளமாகப் போயே ஆகவேண்டும், நீள நீளத் தொடங்கிய இடத்தின் சாயல் குறையும். ஒவ்வொருத்தியிடமும் "இந்தப் பகுதியில் உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நிறையப் பேரைத் தெரிந்தவள் ஆய்வுக்குள் வர வாய்ப்பு அதிகம், கணக்குப் போடும்போது அதைச் சரிக்கட்ட வேண்டும். களத்தில் அவசரத்தில் இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்.

கூப்பன் மட்டும் போதாது, தொடங்குகிற ஆட்களையே வேறு வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். நாங்கள் தமிழ் பேசுகிறவர், உருது பேசுகிறவர், சொந்த வீட்டுக்காரர், ஹவுசிங் போர்டில் இருப்பவர், கணவர் வளைகுடாவில் இருப்பவர், கணவர் விட்டுப்போனவர் என்று பிரித்துத் தொடங்கினோம். மார்க் கிரானோவெட்டர் என்பவர் 1973-இல் ஒரு கட்டுரையில் சொன்னது இங்கே கண்ணெதிரில் நடக்கும்: புதுத் தகவல் நெருங்கிய சொந்தத்தின் வழியே வருவதைவிட, லேசான பழக்கம் உள்ளவர் வழியேதான் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குத் தாண்டுகிறது. எங்கள் பக்கம் அந்த லேசான பழக்கம் இருக்கிற இடங்கள் பள்ளிக்கூட வாசல், ரேஷன் கடை, தண்ணி லாரி வரிசை. வீட்டுக்குள்ளே தங்கை, நாத்தனார், ஓரகத்தி என்று சுற்றிக்கொண்டிருந்த சங்கிலி, ஸ்கூல் விடும் நேரத்தில் நின்று பேசிய ஒருத்தியால் இன்னொரு ஜமாஅத்துக்கே தாண்டியது. இருந்தாலும் எந்தச் சங்கிலியிலும் இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவள், வீட்டைவிட்டு அனுப்பாத வீட்டில் இருப்பவள், யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள முடியாத நிலைமையில் இருப்பவள். அவர்களுக்காக, சில தெருக்களை எடுத்து வீடு வீடாகவும் போகத்தான் வேண்டும், தெரிந்தவர் வழியாக வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும்.

வாட்ஸ்அப் விஷயம். போஸ்டர் மாதிரி படம் செய்து அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. குரல் பதிவு அனுப்புங்கள், அதுவும் உங்கள் குரலில் வேண்டாம். ஓதிக்கொடுக்கிற அம்மா "அஸ்ஸலாமு அலைக்கும், நான் ஓதிக்கொடுக்குற வூட்லேர்ந்து பேசுறேன், நானும் போய் பாத்துட்டு வந்தேன், பொம்பளைங்கதான் இருக்காங்க" என்று தமிழில் ஒரு தடவையும் உருதுவில் ஒரு தடவையும் பேசி அனுப்பியது எங்கள் எல்லா அச்சுத் தாள்களையும்விட அதிகம் வேலை செய்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல வீடுகளில் போன் அவளுடையது மட்டும் அல்ல, மகனும் பார்ப்பான், கணவரும் பார்ப்பார். அதனால் தனி ஆளுக்கு அனுப்புகிற செய்தியில் நோயின் பேர், "உங்க ரிசல்ட்" போன்ற வார்த்தை எதுவும் இருக்கக்கூடாது. "சனிக்கிழமை லுஹருக்கு அப்புறம் வர முடியுமா" (லுஹர் என்பது மதியத் தொழுகை) என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேரம், இடம். காலை நேரம் பள்ளிக்கூடம், சமையல் என்று ஓடிவிடும். லுஹருக்கும், சாயங்காலத் தொழுகையான அஸருக்கும் நடுவில்தான் மூச்சு விட நேரம். அந்த நேரத்தில் வரச் சொன்னால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க முடியாதே என்பீர்கள். எங்கள் ஆய்வில் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை வைத்ததே அதனால்தான், அதற்குச் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இந்த அளவை உயர்த்திக் காட்டிவிடலாம், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவை நினைக்காமல் இருக்க முடியாது. கர்ப்பிணிகள் இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு திரும்பி வருவது நடக்கிற காரியம் இல்லை என்பதைப் பார்த்து, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே தடவை ரத்தம் எடுக்கிற முறையை எடுத்துச் சொன்னவர். பெண்களின் நாளுக்குத் தகுந்தபடி பரிசோதனையை வளைக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே அப்படியொரு முன்மாதிரி இருக்கிறது.

நோன்பு மாதத்தில் பகலில் ரத்தம் எடுக்க வேண்டாம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் நோன்பு முறியாது என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள், இருந்தாலும் பெண்களுக்கு மனசு ஒப்பாது, அந்த மனசை வாதாடி மாற்றுவது நம் வேலை அல்ல. வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். மாதத்தின் முதல் வாரம் வாடகை, குழுக் கடன் தவணை என்று ஓட்டமாக இருக்கும், அதையும் விடுங்கள். காசிமேட்டில் மீன் விற்கிற கிறிஸ்தவப் பெண்களோடு வேலை செய்தபோது இந்தக் கணக்கே தலைகீழ்: விடியுமுன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள், மதியம் தூங்குகிற நேரத்தில் எழுப்பினால் அப்புறம் ஜென்மத்துக்கும் பேசமாட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நேரம் வைக்க வேண்டும். இடம் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், ரத்தம் எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், திரை வேண்டும், கழிவறை வேண்டும், குழந்தைகளை விட்டுவைக்க ஒரு பாயும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். இதையெல்லாம் பட்ஜெட்டில் எழுதிவையுங்கள்.

சம்மதம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தோழி அழைத்து வந்தவளால் தோழி எதிரில் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதனால் உள்ளே தனியாகத்தான் பேசுவோம். கூட்டி வந்தவர் வெளியே உட்கார்ந்திருப்பார். "உங்களை அனுப்பினவங்களுக்கு நீங்க சேர்ந்தீங்களா இல்லையான்னு நாங்க சொல்ல மாட்டோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். அது வெறும் வார்த்தையாக இருக்கக்கூடாது என்பதற்காக, உள்ளே வருகிற எல்லோருக்கும், சேர்ந்தாலும் சேராவிட்டாலும், பிபி பார்த்து, எடை பார்த்து, டீ கொடுத்து, ஏறக்குறைய அதே நேரம் உட்காரவைத்து, வந்துபோன செலவுக்கான கவரையும் கையில் கொடுத்து அனுப்புவோம். வெளியே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனவர்களில் சிலர் பிறகு தாங்களே வேறு ஆளை அனுப்பினார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வேண்டும். கூட்டி வந்தவரே "நான் போடுறேன் கையெழுத்து" என்று முன்வருவார், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆய்விலும் சம்பந்தமில்லாத, அவளை அழைத்ததிலும் சம்பந்தமில்லாத ஒருவர்தான் சாட்சியாக இருக்கலாம். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள், சமூகத் தலைவர்களின் அனுமதி தனிப்பட்டவரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று தெளிவாகச் சொல்கின்றன, அதை வீட்டுக்காரருக்கும் பொருத்திப் புரிந்துகொள்ளலாம். "அவரைக் கேட்டுட்டு வர்றேன்" என்றால் தாளைக் கையில் கொடுத்து அனுப்புவேன். அவர் வந்து கேட்டால் ஆய்வைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விளக்குவேன், அவள் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். தாளின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், ஆதார் கேட்க மாட்டோம், ரேஷன் கார்டு கேட்க மாட்டோம், பிறந்த ஊர் கேட்க மாட்டோம், போட்டோ எடுக்க மாட்டோம் என்று போட்டோம். அம்மா, அப்பாவுக்குச் சுகர் உண்டா என்பதைப் பேர் கேட்காமலே கேட்டுவிடலாம்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் ஒரு பெண். காஜா எடுத்துக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"சிஸ்டர், உங்க ரிப்போர்ட்டு எங்க வூட்டு அட்ரஸுக்கு வருமா?"

"வராதும்மா."

"அப்போ யார் கைல குடுப்பீங்க?"

"உங்க கையில மட்டும்தான்."

"என்னால வர முடியலைன்னா? என் நாத்தனார் வாங்கிக்கிறேன்னு வந்து நிப்பாங்க."

"அவங்க வந்தாலும் குடுக்க மாட்டோம். நீங்க வர்ற வரைக்கும் பூட்டி வெச்சிருப்போம்."

நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அம்மாக்கு சுகர்னா பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க சிஸ்டர், அதான்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பிறகு அதையே எல்லோருக்கும் நாங்களாகவே முதலில் சொல்லத் தொடங்கினோம். அவர் சொன்ன மாதிரியே நாத்தனார் வந்தார், நாங்கள் கொடுக்கவில்லை. அந்த விஷயம் பிளாக் முழுக்கப் பரவியது. அடுத்த வாரம் அதே பிளாக்கிலிருந்து வந்தவர்கள் "இங்க குடுக்க மாட்டாங்களாமே" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள்.

பணம் பற்றி. பங்கேற்பவருக்கு ஆட்டோ காசும் அன்றைக்கு விட்டுப்போன பீஸ் கூலியும் கொடுக்க வேண்டும், எவ்வளவு என்பதை நெறிமுறைக் குழு முடிவு செய்யும், வேலை முடிந்ததும் அங்கேயே கையில். ஆள் கூட்டி வருகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கூப்பன் முறையில் அது உண்டுதான். ஆனால் தலைக்குக் காசு என்று தெருவில் தெரிந்த நிமிடமே, "என்னை வித்துட்டு வந்தா" என்ற பேச்சு கிளம்பும், அழைத்தவளின் பேர் அதோடு போயிற்று. ஓதிக்கொடுக்கிற அம்மாவும் ஓய்வு பெற்ற ஆயாவும் நமக்காக நேரம் கொடுக்கிறார்கள் என்றால் அவர்களை மாதச் சம்பளத்துக்கு எடுங்கள், எண்ணிக்கை வந்தாலும் வராவிட்டாலும் அதே சம்பளம், அடையாள அட்டை, ரகசியம் காப்பது பற்றிய பயிற்சி. சேவை என்று சொல்லி அவர்கள் உழைப்பைச் சும்மா வாங்குவது தப்பு.

அப்புறம் சுகர் அதிகமாக இருக்கிறது என்று தெரிந்தவளை ஒரு தாளோடு அனுப்பிவிடக்கூடாது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது, எந்த நாளில் போனால் கூட்டம் குறைவு, அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லி, முதல் தடவை கூடவே ஒரு ஆள் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் வீட்டுக்கு மாத்திரை வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவளுக்கு அதுவே தடையாகிவிடும், அவளுக்கு நிலையத்தில் போய் வாங்கிக்கொள்கிற வழியைக் காட்ட வேண்டும். இதெல்லாம் ஆய்வின் வேலை இல்லை என்று சொல்கிற ஆட்களோடு நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனிமேலும் போடுவேன். ஒருத்தியை இவர்கள் நடுத்தெருவில் விடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் அக்கா வருகிறாள்.

முடிவுகளை முதலில் அந்தப் பெண்களிடமே சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைத்தோம். யாருடைய தனி விவரமும் இல்லாமல், மொத்தமாக என்ன தெரிந்தது என்பது மட்டும், தமிழிலும் உருதுவிலும். டாக்டர் தினம் அரை மணி நேரம் நடங்கள் என்று சொன்னதும் பின்னாலிருந்து ஒரு நானிமா, "எங்க நடக்கிறது பேட்டா? சந்துல லோடு வண்டி, ரோட்டுல பசங்க, மாடியில தண்ணி டேங்க்" என்றார். சபையே பேச ஆரம்பித்துவிட்டது. மதரசா மொட்டை மாடியை ஒரு மணி நேரம் பெண்களுக்கு விடுவார்களா, மாநகராட்சிப் பள்ளி மைதானத்தைக் காலையில் திறப்பார்களா என்று அவர்களுக்குள்ளேயே திட்டம் போட்டார்கள். அடுத்த ஆய்வின் கேள்வியே அதிலிருந்துதான் வந்திருக்கிறது.

அதற்கான திட்டத்தை எழுத உட்கார்ந்தபோது ஓதிக்கொடுக்கிற அம்மாவையும் ஆயாம்மாவையும் கூட வைத்துக்கொண்டோம். பட்டியலைப் பார்த்ததுமே ஆயாம்மா அக்டோபர், நவம்பரை அடித்துவிடச் சொன்னார், மழைக்குப் புளியந்தோப்பில் தண்ணீர் நிற்கும், யாரும் படி இறங்க மாட்டார்கள் என்றார். பொங்கல் முடிந்து, ரம்ஜான் பிறைக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள், ரத்தம் எடுக்கப் போன தடவை வந்த அதே பெண்ணை அனுப்புங்கள், அந்தப் பெண் கை வலிக்காது என்று அம்மா சேர்த்துக்கொண்டார். இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டோம்.